சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

ஈஸ்ட் என்ற சொல்லைப் பிரமநாயகியிடம் முதன்முதலில் சொன்னவள் ஸ்டெல்லா மணி. பள்ளியில் தையல் வகுப்பு எடுத்தவள். தலைமையாசிரியையாக இருந்த பிரமநாயகியின் அறை வாசலில் இருபத்தாறு ஆண்டுகள் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்ட பிறகே காலெடுத்து வைத்தவள். இருவரும் ஓய்வுபெற்ற பின்னும் ரவிக்கை தைத்துத் தருகிற சாக்கில் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகிறவள். பதினான்கு மாதங்களுக்கு முன்பு, அளவு நாடாவை மார்பின் கீழே சுற்றியவள் சட்டென்று கையை நிறுத்தி, மடிப்பில் சிவந்து ஈரம் கசிந்திருந்த இடத்தை உற்றுப் பார்த்து, "டீச்சர், தப்பா நெனைக்காதிய. இது வேர்க்குரு இல்ல. ஈஸ்ட்டு, ஒரு மாதிரிப் பூஞ்சக் காளான். மேல தெரியுதது கொஞ்சந்தான். உள்ளுக்குள்ள கொடலெல்லாம் பெருகிக் கெடக்கும்" என்றாள். பெருகிக் கிடக்குமாம். அந்தச் சொல்லைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆயிரத்து இருநூறு பெண்பிள்ளைகள் காலை மணி அடித்தால் மூச்சுவிடும் ஓசைகூடக் கேளாமல் வரிசையில் நிற்க வைத்தவளின் உடம்புக்குள், கேட்பாரற்று ஏதோ ஒன்று பெருகிக் கிடக்கிறது என்று ஒரு தையல்காரி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொல்வதா? இப்போது முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி, இரத்தப் பரிசோதனை நிலையத்தின் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சொல் காதுக்குள் நமநமக்கிறது. வெறும் வயிற்று இரத்தம் எடுத்தாயிற்று. ஊசி குத்திய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது, "பாட்டி, இனி சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒருக்க எடுக்கணும். மொத வாய் வைக்கும்போது மணியப் பாத்து வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் கையைத் தட்டப் போய்விட்டாள். பாட்டியாம். யாருக்குப் பாட்டி? எல்லாம் அந்தப் பல் டாக்டரால் வந்தது. ஆடுகிற ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னால், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்தவன், நாக்கில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கம்பியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, சுகர் பார்த்த தாள் இல்லாமல் பல்லைத் தொட மாட்டேன் என்று கையுறையைக் கழற்றிப் போட்டான். ஒரு பல்லுக்காக வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இருக்காது. இருந்தால், வீட்டில் மருமகள் வடிவு ஒரு வருடத்துக்கு முன்பே சொன்னது சரி என்று ஆகிவிடும். அந்தப் பெண் சொன்னது சரி என்று ஆகிற ஒரு காலை நேரத்தைப் பிரமநாயகியால் கற்பனை செய்ய முடியவில்லை. முயன்று பார்த்தாள், முடியவில்லை.

சுவரில் தொலைக்காட்சி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு கிழவர் தொண்டையைச் செருமிச் செருமி ஒன்றையும் வெளியே கொண்டுவராமல் எல்லாரையும் காத்திருக்க வைத்தார். மின்விசிறிக்கு மூன்று இறக்கையிலும் தூசி. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் போதும், ஈஸ்ட் வளருமாம். அப்படித்தான் அந்தத் துண்டுத்தாளில் போட்டிருந்தது. இயற்கை அங்காடிக்காரன் ஒருவன் அச்சடித்துக் கொடுத்த பச்சைத் தாள்; ஸ்டெல்லா மணி அதை நான்காக மடித்துப் பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். வேப்பிலை அவித்த தண்ணீரில் கழுவுக. பச்சைப் பூண்டு இரண்டு பல் மென்று விழுங்குக. காலையில் தேங்காய் எண்ணெயால் வாய் கொப்பளிக்க. புளித்த மாவு அறவே ஆகாது. இட்லி, தோசை, ஆப்பம் மூன்றும் விலக்குக. வெள்ளைச் சீனி ஈஸ்டின் உணவு. அதை நிறுத்தி, இயற்கையான தேனும் கருப்பட்டியும் பேரீச்சம்பழமும் தாராளமாகக் கொள்க. தயிர் தினமும் ஒரு கிண்ணம். படித்ததும் பிரமநாயகி கேட்டாள், தயிரும் புளித்ததுதானே, மாவு ஆகாதென்றால் தயிர் மட்டும் எப்படி ஆகும்? ஸ்டெல்லா மணி முழித்துவிட்டு, "அது நல்ல கிருமி டீச்சர்" என்றாள். கிருமியில் நல்லது, கெட்டது. முதல் வரிசைக் கிருமி, கடைசி வரிசைக் கிருமி. சிரிப்பு வந்தது, ஆனால் அந்தத் தாளை அவள் கிழித்துப் போடவில்லை. விதி என்று ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதை மீறாமல் நடப்பது அவளுக்குப் பிறவிக் குணம். மறுநாளே வீட்டில் கிரைண்டர் நின்றது. அவளுக்கு மட்டும் நிற்கவில்லை, எல்லாருக்கும் நின்றது. ஒரு வீட்டில் இரண்டு சமையல் நடப்பதை அவள் அனுமதித்ததே இல்லை. வடிவு ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "அத்தை, ஒரு தடவ சுகர் பாத்திருவோம். எங்கம்மாவுக்கும் மொதல்ல இப்பிடித்தான் அரிப்பு வந்துச்சு" என்றாள். அரிப்பு! அடுப்படியில், வேலைக்காரி காதுபட, மகன் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை உரக்கச் சொன்னாள். "உங்கள் வீட்டு நோயை என் வீட்டுக்குள் கொண்டு வராதே" என்று பிரமநாயகி சொன்னாள். நன்றாக அமைந்த வாக்கியம். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்து நிறைவாக இருந்தது. அரிப்பு நிற்கவில்லை. உட்கார முடியாது, எழ முடியாது. திருமண வீட்டுப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டியது யாருக்கும் தெரியாது. அதை ஒரு ஆண் டாக்டரிடம் போய்ச் சொல்வதைவிட அவள் தன் நாக்கை அறுத்துப் போட்டுவிடுவாள். பெண் டாக்டர்கள் என்றால், ஊரில் இருக்கிற நால்வரில் மூவர் அவளிடம் படித்தவர்கள். மேசைமேல் கால்களை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள், அவளிடம் முட்டி போட்ட பெண்கள்.

"டீச்சர்." தலை நிமிர்ந்தால் ஸ்டெல்லா மணி. கையில் எவர்சில்வர் தூக்கு, தோளில் தையல் பை, வேர்த்து வழிகிற முகம். வரவேண்டாம் என்று பிரமநாயகி நேற்றே போனில் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்றால் அவள் வருவாள் என்பதும் தெரிந்ததுதான். "நான்தான் வேண்டாமென்று சொன்னேனே." "சொன்னிய. ரத்தங் குடுத்துட்டு வெளிய கடையில எங்க போயித் தின்னுவிய? கடைச் சாப்பாடு தின்ன வாயா இது?" பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். ஆவி எழுந்தது. இட்லி. நான்கு இட்லி, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலைத் துண்டில். பதினான்கு மாதம். "இது என்ன?" "இட்லி." "எனக்கே தெரிகிறது. எனக்கு எதற்கு?" "நீங்கதான டீச்சர் போன்ல சொன்னிய, எப்பவும் திங்கத மாதிரித் தின்னுட்டு வரச் சொல்லிருக்காவன்னு. மனுசங்க எப்பவும் திங்கது இட்லிதான?" செருமிக்கொண்டிருந்த கிழவர் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் தொண்டை தெளிந்துவிட்டது. பிரமநாயகி அவரைப் பார்த்த பார்வையில் அவர் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டெல்லா மணி குரலைத் தாழ்த்தி, "ஆறிப்போவும், தின்னுங்க" என்றாள். பிரமநாயகி கை கழுவிவிட்டு வந்து, விண்டு, வாயில் வைத்தாள். மணி எட்டு மூன்று. ஸ்டெல்லா மணி எழுந்து ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். வாயில் வெள்ளை படிந்த நாக்குக்கு ருசி பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியை நினைவு கொடுத்தது. உளுந்தின் வழவழப்பு, எண்ணெயின் கசப்புக்கு முந்திய இனிப்பு, அடித்தொண்டையில் காரம். கண்ணில் நீர் வந்தது, காரத்தினால். நான்கையும் தின்றாள். தின்று முடித்த பிறகு, இலையில் ஒட்டியிருந்த பொடியை விரலால் வழித்ததை ஸ்டெல்லா மணி பார்க்காதது போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்க்காமை இன்னும் எரிச்சலாக இருந்தது. எத்தனை ஆண்டுகளாக இப்படிப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள் இவள்? பார்த்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள்?

தண்ணீர் குடித்தாள். ஒரு புட்டி முடிந்தது. ஸ்டெல்லா மணி சொல்லாமலே எழுந்து போய்க் குழாயில் பிடித்து வந்தாள். அதிலும் பாதி இறங்கியது. தாகம் இப்போதெல்லாம் நாக்கில் தொடங்கி நெஞ்சுக்குழி வரை ஒரு கோடு போட்டதுபோல் வறண்டு கிடக்கிறது. குடித்தால் அடங்குவதில்லை, அரை மணியில் எழுந்து போக வேண்டியிருக்கிறது. இதோ, இங்கேயே ஒருமுறை போய்வந்தாகிவிட்டது. இரவில் நான்கு முறை, ஐந்து முறை. வயது, என்று சொல்லிக்கொண்டாள். சித்திரை வெயில், என்று சொல்லிக்கொண்டாள். மார்கழியிலும் அப்படித்தான் இருந்தது, அப்போது பூண்டின் சூடு என்று சொல்லிக்கொண்டாள். ஹோமியோபதி உருண்டைகள்கூடக் காரணமாக இருக்கலாம். நோய் முதலில் கூடித்தான் பிறகு குறையும் என்று அந்த டாக்டர் சொன்னதாக ஸ்டெல்லா மணி வந்து சொன்னாள். ஸ்டெல்லா மணி வந்து சொன்னாள். எல்லாமே ஸ்டெல்லா மணி வந்து சொன்னவைதான். பெருமாள்புரத்தில் இருக்கிற அந்த டாக்டரின் முகத்தைப் பிரமநாயகி இன்றுவரை பார்த்ததில்லை. "அவரு நல்ல மனுசர் டீச்சர், வயசானவரு, தலையக் குனிஞ்சுகிட்டேதான் கேப்பாரு" என்று எவ்வளவோ சொல்லியும் அவள் போகவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எங்கெங்கே, எப்போதிருந்து, எந்த நிறத்தில், என்று பதினோரு வரி எழுதி, நீயே போய் உனக்கென்று சொல்லி வாங்கி வா என்று கையில் கொடுத்தாள். தாளைக் காட்டக்கூடாது, மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும், அவளுடைய கையெழுத்து ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்டெல்லா மணி மூன்று தடவை ஒப்பித்துக் காட்டிவிட்டுப் போனாள். சிறு குப்பிகளோடு திரும்பி வந்தாள். வெள்ளை உருண்டை, கடுகைவிடச் சற்றுப் பெரிது, கையால் தொடக்கூடாது, மூடியில் ஐந்தைக் கொட்டி நாவின் கீழே போட வேண்டும். முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. காப்பி கூடாது, பெருங்காயம் கூடாது, பூசையில் கற்பூரம் காட்டினால் அந்த அறையில் இருக்கக்கூடாது. இத்தனை கூடாதுகள் இருக்கிற ஒன்று பொய்யாக இருக்க முடியாது என்று தோன்றியது. நோட்டுப் போட்டு, நாள், வேளை, எண்ணிக்கை எல்லாம் குறித்தாள். ஒரு வேளை தவறியதில்லை. உருண்டை நாவின் கீழே இனிப்பாகக் கரையும். இனிப்பாக. காலையில் வெந்நீரில் இரண்டு கரண்டித் தேன், பத்து மணிக்குக் கருப்பட்டி போட்ட சுக்குத்தண்ணீர், மாலையில் எட்டுப் பேரீச்சம்பழம். சீனியை அவள் தொடவே இல்லை. பதினான்கு மாதமாக ஒரு கரண்டி சீனி இந்த உடம்புக்குள் போகவில்லை என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்வாள். எந்த நீதிமன்றம் கேட்கப்போகிறது? அந்தப் பல் டாக்டர் கேட்டான், கருப்பட்டியா, அதுவும் சர்க்கரைதானேம்மா, என்று. பல்லைப் பார்க்கிறவனுக்குப் பனையைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அவன் கேட்டதிலிருந்து, இரண்டு நாட்களாக, தேன் கரண்டியை எடுக்கிற கை ஒரு கணம் நிற்கிறது.

"அவர் உன்னிடம் என்னவெல்லாம் கேட்டார்?" "யாரு டீச்சர்?" "பெருமாள்புரத்து டாக்டர். முதல் நாள்." ஸ்டெல்லா மணி தூக்கை மூடிக்கொண்டே யோசித்தாள். "அது ஆச்சே ஒரு வருசத்துக்கு மேல. ஒரு மணி நேரமாக் கேட்டாரு. எந்தப் பக்கம் சரிஞ்சு படுப்பிய, கனவுல தண்ணி வருமா பாம்பு வருமா, இடி இடிச்சாப் பயமா, உப்பு புடிக்குமா இனிப்பு புடிக்குமான்னுல்லாம். மனுசர் கொணத்துக்குத் தக்கனதான் மருந்தாம்." குணத்துக்குத் தக்கபடி. இதை ஏன் இவள் இத்தனை நாள் சொல்லவில்லை? நாம் ஏன் கேட்கவில்லை? "குணம் என்று கேட்டதற்கு நீ யாருடைய குணத்தைச் சொன்னாய்?" ஸ்டெல்லா மணி தலையைக் குனிந்துகொண்டாள். பதிவேட்டில் ஊசிக் கணக்கு குறைந்தபோதும் இப்படித்தான் நின்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "கேட்கிறேன் அல்லவா?" "ஒடம்பு விசயமெல்லாம் உங்களதுதான் டீச்சர், நீங்க எழுதித் தந்தத ஒரு சொல்லு மாத்தாம ஒப்பிச்சேன். சீட்டுல இல்லாததக் கேக்கும்போது என்னையத்தான பாத்துக் கேக்காரு? சட்டுன்னு அழுதிருவியளான்னு கேட்டாரு. ஆமா, தொட்டதுக்கெல்லாம் அழுவேன்னேன். யாரும் ஆறுதல் சொன்னா மனசு லேசாவுமான்னாரு. ஆவும்னேன்." "என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்." "என்னன்னு சொல்ல? இருவத்தாறு வருசத்துல நீங்க அழுது நான் பாத்ததில்ல டீச்சர். மத்தவுக அழுதுதான் பாத்திருக்கேன்." குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆக, ஒரு வருடத்துக்கு மேலாக, வேளை தவறாமல், நோட்டுப் போட்டு, கையால் தொடாமல், தொட்டதற்கெல்லாம் அழுகிற ஒருத்திக்கான மருந்தைப் பிரமநாயகி நாவின் கீழே கரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிக்க வேண்டிய விஷயம். வேறு யாருக்காவது நடந்திருந்தால் வகுப்பில் சொல்லிச் சிரித்திருப்பாள். ஆனால் அதில் போய்ச் சிக்கவில்லை மனம். வேறு எதிலோ சிக்கி இழுத்தது. நெய்த துணியில் ஆணி மாட்டியதுபோல, முன்னே போகவிடாமல். "தாகம் உண்டா என்று கேட்டாரா?" "கேட்டாரு." "இரவில் எழுந்து போவதைப் பற்றி?" "கேட்டாரு. எனக்குத் தாகம் கெடையாது, படுத்தா விடிஞ்சுதான் முழிப்பேன்னேன். அது சீட்டுல இல்லையே டீச்சர்." இல்லை. சீட்டில் இல்லை. பதினோரு வரியில் இரவு எழுந்து போவதற்கு ஒரு வரி இல்லை. கிழவிகள் இரவில் எழுந்து போவார்கள், அதை ஒரு நோயென்று எழுதுவாளா ஒருத்தி? அவள் எழுதவில்லை. அவள்தான் எழுதவில்லை.

மணி ஒன்பது ஐந்து. இன்னும் ஒரு மணி நேரம். எழுந்து போய்விடலாம். பல் ஆடினால் ஆடட்டும், ஒருநாள் தானே விழும். செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளினால் வெளியே மார்க்கெட் சத்தம், ஆட்டோ, வீடு. கைப்பையில் ஒரு பழைய தாள் இருக்கிறது. நேற்றிரவு பெட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். எதற்கு என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. போன ஆண்டு ஆடி மாதத்து இரத்தப் பரிசோதனைத் தாள். மூன்றாம் முறை மருந்து வாங்கப் போனபோது, இத்தனை நாளாகியும் குறையவில்லையே என்று பெருமாள்புரத்து டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, சீனி பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா மணி கூடத்தில் வந்து நின்றாள். "டாக்டரு ரத்தம் பாக்கச் சொல்லுதாரு டீச்சர். இனி நான் போயி ஒப்பிச்சா நடக்காது. நீங்கதான் வரணும்." வடிவு உள்ளேதான் இருந்தாள், பாத்திரம் விளக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பிரமநாயகி சீட்டை வாங்கிப் பார்த்தாள். "யார் பெயரில் எழுதியிருக்கிறார்?" "எம் பேருலதான்." "பிறகு என்ன? உன் பெயருக்கு உன் இரத்தத்தைக் கொடு." "அது எப்பிடி டீச்சர்?" "எனக்குச் சீனி கிடையாது. எங்கள் வம்சத்திலேயே ஒருவருக்கும் கிடையாது. அவருக்கு வேண்டியது ஒரு தாள்." ஸ்டெல்லா மணி சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, சரி டீச்சர், என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் கையை நீட்டி இரத்தத்தைக் கொடுத்தாள். வெறும் வயிற்றில் தொண்ணூற்று ஒன்று. சாப்பிட்ட பின் நூற்றுப் பதினேழு. டாக்டர் பார்த்துவிட்டு, நல்லது, பயமில்லை என்று அதே உருண்டைகளைத் தொடர்ந்தார். தாளைப் பிரமநாயகி வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த முறை வடிவு பேச்சைத் தொடங்கியபோது, பெயர் இருக்கிற மேல் ஓரத்தைப் பின்புறமாக மடித்து, எண்களை மட்டும் அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "படி" என்றாள். அந்தப் பெண் படித்தாள். மன்னிச்சுக்கோங்க அத்தை என்றாள். மன்னிப்புக் கேட்கவே வைத்தாள் பிரமநாயகி! அதன் பிறகு அந்த வீட்டில் சுகர் என்ற பேச்சு எழவில்லை, கிரைண்டரைத் துணி போட்டு மூடினார்கள், பேரப்பிள்ளை இட்லிக்கு அழுதபோதுகூட ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. விந்தை என்னவென்றால், அவளும் நம்பினாள். மடித்த ஓரத்தைத் திரும்ப விரித்ததே இல்லை. இரவில் மூன்றாம் முறை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு நடக்கும்போது, தொண்ணூற்று ஒன்று, நூற்றுப் பதினேழு, என்று வாய்ப்பாடு சொல்வதுபோல் சொல்லிக்கொள்வாள். அது இன்னொருத்தியின் இரத்தம் என்பது எங்கோ ஒரு மூலையில் தெரியும், ஆனால் தெரிந்தது அந்த மூலையை விட்டு வராது. இப்போது வருகிறது. இந்த நாற்காலியில், பஞ்சு ஒட்டிய கையோடு, வந்துகொண்டே இருக்கிறது. இவள்மேல் குற்றம் சொல்லலாம். முடியாது டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இவள்? சொல்லியிருந்தால்? அன்றைக்கே வாசலோடு அனுப்பியிருப்பாள்; வேறு தையல்காரியா கிடைக்கமாட்டாள். முடியாது என்று சொல்ல முடியாதபடி இருபத்தாறு ஆண்டுகள் பழக்கி வைத்தது யார்? அந்தக் கேள்வியை அவள் சட்டென்று வேறு பக்கம் திருப்பினாள். அது திரும்பி வந்தது. கால் விரல்கள் மரத்துக் கிடந்தன. செருப்புக்குள் அசைத்துப் பார்த்தாள், அசைகிறதா என்று குனிந்து கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எப்போதிருந்து இப்படி? ஆடி மாதத்தில் இப்படி இல்லை. ஆடியிலேயே இந்தக் கையை நீட்டியிருந்தால். பத்து மாதம். பத்து மாதத் தேன்.

இரண்டாவது ஊசி வலித்தது. அந்தப் பெண் நரம்பைத் தேடி மூன்று இடத்தில் தட்டினாள். பிறகு அரை மணி நேரம். கிழவர் போய்விட்டார், அவருடைய நாற்காலியில் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். ஸ்டெல்லா மணி மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள். பிரமநாயகி, எனக்காகவா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. "பிரமநாயகி!" அடைமொழி இல்லாமல், அம்மா இல்லாமல், டீச்சர் இல்லாமல், வெறும் பெயர். பிரமநாயகி எழுந்து மேசைக்கு நடந்தாள். அந்தப் பெண் தாளைப் பார்த்து, அவளைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தாள். "பாட்டி, சுகருக்கு மாத்திர எடுக்கியளா?" "இல்லை." "ஐயோ, நெறைய இருக்கே. வெறும் வயித்துல இருநூத்தி இருவத்தாறு. சாப்பிட்டு முந்நூத்தி அறுவத்தொண்ணு. இன்னைக்கே டாக்டரப் பாத்திருங்க, தள்ளிப் போடாதிய." பிள்ளைத்தாய்ச்சி பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினாள். "முன்னால பாத்த ரிப்போட்டு எதுவும் இருக்கா? எப்ப இருந்து ஏறுச்சுன்னு டாக்டரு கேப்பாவ." கை, தானாகவே, கைப்பையின் பொத்தானைத் திறந்தது. தாள் விரல்களில் பட்டது. மடித்த ஓரம் கூர்மையாக, கத்திபோல் படிந்திருந்தது. இதை நீட்டினால் போதும், மடித்தபடியே. போன ஆடியில் ஒன்றுமில்லை, திடீரென்று வந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொள்வார். வடிவுக்கும் அதுவே பதில். தேன் பதில் சொல்ல வேண்டாம், உருண்டை பதில் சொல்ல வேண்டாம், அவள் சொல்ல வேண்டாம். பின்னால் இரண்டடி தூரத்தில் ஸ்டெல்லா மணி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும், பைக்குள் இருப்பது என்னவென்று. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். உள்ளே வரலாமா என்று கேட்காமல் அவள் உள்ளே வந்ததே இல்லை. நீட்டினாலும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள், பிறகு வீடு வரை கூட வருவாள், அடுத்த மாதம் நாடாவோடு வருவாள். "இருக்கா பாட்டி?" "இல்லை" என்றாள் பிரமநாயகி. செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள், பிரார்த்தனை மைதானத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில்: "இல்லை. என் இரத்தத்தை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. இதுதான் முதல் தடவை." அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டுத் தாளை உறையில் போட்டுத் தந்தாள். ஸ்டெல்லா மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேர்வையைத்தான் துடைத்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே படியில் வெயில் நேராக விழுந்தது. மார்க்கெட்டிலிருந்து மீன் வாடை. பிரமநாயகி பழைய தாளை எடுத்து, மடிப்பை நகத்தால் நீவி விரித்து, பெயர் மேலே தெரியும்படி நீட்டினாள். "இது உன்னுடையது." ஸ்டெல்லா மணி வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், தையல் பைக்குள் வைத்தாள். "வீட்டுக்கு நானும் வரட்டா டீச்சர்? வடிவுகிட்ட நான் சொல்லுதேன், எம் மேலதான் தப்புன்னு." "நீ எதுவும் சொல்ல வேண்டாம். ஒப்பித்தது போதும். நானே சொல்வேன்." எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அந்த வாக்கியம் அமையவில்லை, வழியில் அமையுமா என்பதும் தெரியவில்லை. "அன்றைக்கு இந்தப் பரிசோதனைக்கு யார் பணம் கொடுத்தது?" "அத இப்ப எதுக்கு டீச்சர்?" "கேட்கிறேன்." "நான்தான் குடுத்தேன். நீங்க கேக்கல, நானும் சொல்லல. என்னமோ, அதக் கேட்டு வாங்க வாய் வரல." "எவ்வளவு?" "விடுங்க." "ஸ்டெல்லா, எவ்வளவு?" "நூத்தி நாப்பது." இருநூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. அதை நீட்டினாள். ஸ்டெல்லா மணி பையைத் துழாவி, மூன்று இருபது ரூபாய்த் தாள்களை எடுத்து மீதியாகக் கொடுத்தாள். பிரமநாயகி அந்த வெயிலில் நின்று மூன்றையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். நூற்று நாற்பது ரூபாய்.